ஒரு லட்சம் லாரித் தண்ணீர்

என் பெயர் வில்சன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வில்சன்கள் இருப்பதால், தண்ணி வில்சன் என்று சொன்னால்தான் என்னைத் தெரியும். புதிதாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு என் மனைவி ஹில்டாவைப் பாவமாகப் பார்ப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் குடிக்கிற ஆள் இல்லை. எதைக் கண்டாலும் அதில் தண்ணீர் ஊற்றுகிற ஆள்.

வாசலில் விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே என் கை சொம்பைத் தேடும். நாலு பேருக்கு வைத்த மீன் குழம்பை ஏழு பேருக்கு நீட்டித் தருவேன். ஷாம்பு பாட்டில் தீர்ந்துபோக விடமாட்டேன். கடைசி இரண்டு வாரம் நாங்கள் தலைக்கு வெறும் வாசனையைத்தான் தேய்த்துக்கொள்வோம். ஜன்னல் கம்பிக்கு நான் அடித்த பச்சை பெயின்ட் காய்வதற்குள் தரைக்கு இறங்கிக் குட்டை கட்டியது. "ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கசொல்ல ஃபாதர் குடத்தோட கவுத்துட்டாரு போல கீது" என்பாள் ஹில்டா. இருக்கலாம், எனக்கு நினைவில்லை.

பேச்சிலும் அதே கைதான். யாருக்கும் எதையும் முழுக் காரத்தோடு சொல்ல எனக்கு நா வராது. ஹில்டாவுக்கு ஒரு தங்கை, சிலுவையம்மாள். முகத்துவாரக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவன் கடலுக்குப் போவான்; அவள் கழிமுகத்தில் இறால் தடவுவாள். கடல் நீர் வற்றுகிற நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, சிக்கிய இறாலைப் பறியில் போட வேண்டும். பறி என்பது சின்ன ஓலைக்கூடை. கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். முகம் எப்போதும் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும்.

அக்கா தங்கை இருவரும் சண்டை போட்டால் தூது போவது நான். "எம் பட்டுப்பொடவய இந்த வாரம் குடுக்கலன்னா குப்பத்துக்கே வந்து மானத்த வாங்கிடுவேன்னு சொல்லு" என்று ஹில்டா அனுப்புவாள். நான் அங்கே போய், டீ குடித்து, வழவழா கொழகொழாவென்று பத்து நிமிடம் பேசி, "அக்கா அந்தப் பொடவ நல்லா கீதான்னு கேட்டுச்சி" என்று முடிப்பேன். "நல்லா கீது மாமா" என்பாள் சிலுவை. புடவை இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. "மாமா சொல்றதுல பாதி காத்து, பாதி தண்ணி" என்று அவள் குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையைக் கேளுங்கள். எண்ணூர் போகிற வழியில் ஒரு கால்வனைசிங் பட்டறை. கேட்டு, கம்பி, ஆங்கிள் என்று துருப்பிடித்த இரும்பையெல்லாம் ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுத்து, அலசி, அப்புறம் துத்தநாகப் பூச்சுப் போடுவார்கள். அலசிய தண்ணீர் பின்னால் இருக்கும் குழிக்கு வரும். குழியை முன்பு பார்த்துக்கொண்டவர் விட்டுவிட்டுப் போனதும், யாருக்கு நாற்றம் உறைக்காது என்று தேடினார்கள். எனக்குப் பிறவியிலேயே மூக்கு மந்தம். வேறு தகுதி எதையும் கேட்கவில்லை, நல்லவேளை.

என் வேலை இதுதான்: குழித் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிக் கலக்கி, பி.எச். மீட்டரை முக்கிப் பார்க்க வேண்டும். பேனா மாதிரி சட்டைப் பையில் நிற்கும் சின்ன மீட்டர். ஏழு காட்டினால் தண்ணீர் நல்ல பிள்ளை. ஏழுக்குக் கீழே இறங்க இறங்க ஆசிட், மேலே ஏற ஏற சுண்ணாம்பு. ஆறரையைத் தாண்டியதும் வால்வைத் திறந்து பின்னால் ஓடும் வாய்க்காலில் விட்டுவிடலாம். வாய்க்கால் நேராகக் கழிமுகத்தில் போய்ச் சேரும்.

மீட்டர் கைக்கு வந்ததிலிருந்து என் நடையே மாறிவிட்டது. பூசைக்குப் போகும்போதுகூட அது பையில் இருக்கும். ஹில்டாவின் ரசத்தில் முக்கினேன், நாலுக்குக் கீழே. சோடாவில் முக்கினேன். ஒருநாள் யாரும் பார்க்காதபோது கோயில் வாசல் தீர்த்தத்திலும் முக்கினேன். ஏழு புள்ளி நாலு. ஃபாதரிடம் சொல்லவில்லை, ஆனால் நிம்மதியாக இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்றிலிருந்து ஏழு என்பது ஆறு தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பஸ் ஸ்டாப் எண்ணுவது மாதிரி. அதோடு இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. சுண்ணாம்பு போட்டு ஆறு கிட்ட வந்ததும் நான் ஹோஸைத் திருப்பிக் கொஞ்சம் போர் தண்ணீர் விடுவேன், பழக்க தோஷம். உடனே ஆறரை காட்டும். பார்த்தாயா, இங்கேயும் நம் வைத்தியம்தான் பலிக்கிறது என்று மீசையைத் தடவிக்கொள்வேன். உயிரை விட்டு உழைத்தது சுண்ணாம்பு, பேர் வாங்கியது தண்ணீர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஃபாதர் சொன்னார்: கொடியேற்றம் வருகிறது, சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், சுண்ணாம்புக்கு யார் பொறுப்பு? யோசிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. பட்டறையில் இருந்ததே இரண்டு மூட்டைதான். மறுநாள் வேறு மூட்டை வந்துவிடும் என்ற தைரியத்தில் அன்று மத்தியானமே இரண்டையும் கொண்டுவந்து இறக்கினேன். ஒலிபெருக்கியில் என் பேரைச் சொன்னார்கள். பூரிப்பில் நானே வாளியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு நின்றேன். நான் கரைத்த லட்சணத்தில், அடித்த சுவர் எது அடிக்காத சுவர் எது என்று இரண்டு பெரியவர்கள் வாக்குவாதம் செய்யும்படி ஆனது.

திங்கட்கிழமை காலையில் சுண்ணாம்பு வரவில்லை. சுண்ணாம்புக்காரர் வண்டி ரிப்பேராம். குழி பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரம்பியிருந்தது. மீட்டர் ஒன்று புள்ளி இரண்டு காட்டியது, சுத்த ஆசிட். அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய கேட்டு ஆர்டர். அலசும் தொட்டியைக் காலி செய்தால்தான் வேலை நடக்கும், குழி காலியானால்தான் தொட்டியைக் காலி செய்யலாம். முதலாளி பாரி சின்னப் பையன்தான், அப்பா போனபின் பட்டறையைப் பார்ப்பவர். ஏதோ கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். போன் செய்தேன்.

"வில்சண்ணா, எதுனா பண்ணு. மத்தியானத்துக்குள்ள குழி காலியாவணும்" என்றார்.

"நீங்க ஏன் சார் பேஜாராவுறீங்க. ரெண்டு லாரி தண்ணி சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

முதல் லாரி வந்தது. குழியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு தண்ணீரை விட்டார்கள். விளிம்புக்குக் கீழே ஒரு முழம்தான் மிச்சம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மீட்டரை முக்கினேன். எப்படியும் நாலு காட்டும் என்று கணக்கு.

ஒன்று புள்ளி ஐந்து.

கலக்கிவிட்டுப் பார்த்தேன். வேறு மூலையில் பார்த்தேன். அதே ஒன்றரை. அப்போது என் புத்தி எங்கே போயிருக்க வேண்டும்? என்மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீட்டர்மேல் வந்தது.

மீட்டரைச் சரிபார்க்க ஒரு பொடிப் பாக்கெட் உண்டு. அளவாகத் தண்ணீரில் கரைத்தால் சரியாக நாலு காட்ட வேண்டும், காட்டினால் மீட்டர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். பாக்கெட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் என்று போட்டிருக்கும். நான் எந்தக் காலத்தில் ஒரு டம்ளரோடு நிறுத்தினேன்? இரண்டு டம்ளரில் கரைத்தேன். முக்கினேன். நாலு காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றியும் அதே நாலா? இந்தக் கபோதி மீட்டருக்குத் தண்ணீர் என்றாலே கண் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் மகள் மெர்லினுக்கு போன் போட்டேன். அவள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். சொல்லிப் பீற்றிக்கொள்ளத்தான் கூப்பிட்டேன், கேட்டுத் தெரிந்துகொள்ள இல்லை.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மீட்டரு நல்லாத்தான் கீதுப்பா. நீதான் சரியில்ல" என்றாள்.

"இன்னாம்மா இப்டி சொல்ற?"

"பத்து மடங்கு தண்ணி ஆனாத்தான் ஒரே ஒரு நம்பர் ஏறும். நீ ரெண்டு மடங்குதான் ஆக்கிகீற. அதுக்கு பாயிண்ட் மூணு. ஒண்ணு ரெண்டுலேர்ந்து ஒண்ணு அஞ்சி. கரீக்டா காட்டுது பாரு."

"அப்ப அந்த பாக்கெட்டு ஏன் நகரல?"

"அது நகராம இருக்கணும்னே செஞ்ச பொடிப்பா. கொஞ்சம் தண்ணி கூடக்கொறய ஊத்துனாலும் அப்டியே நிக்கும். அதுனாலதான் அத வெச்சி மீட்டர பாக்குறாங்க."

என் வாழ்நாளில் தண்ணீருக்கு அசைந்துகொடுக்காத ஒரு பொருளை அன்றுதான் சந்தித்தேன். "சரி, குழிய ஆறுக்குக் கொண்டாரணும்னா எவ்ளோ ஊத்தணும்?" என்று கேட்டேன்.

அவள் மனசுக்குள் கூட்டுவது கேட்டது. "கிட்டத்தட்ட அஞ்சி நம்பர். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம்... லட்சம் மடங்குப்பா. நீ மொதல்ல ஊத்துனது ஒரு லாரின்னா, லட்சம் லாரி வேணும். பட்டற வாசல்லேர்ந்து லைன் கட்டி நிறுத்துனா கன்னியாகுமரி போயி, இடம் பத்தாம பாதி வழி திரும்பி வரும்."

எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் வரிசையைத் தினம் பார்க்கிறவன் நான். அதற்கே சபித்துக்கொண்டு போவேன். இந்த வரிசை என் கண் முன்னால் நீண்டதும் எனக்குத் தலை சுற்றியது.

"ஒரு மூட்ட, கூடப்போனா ரெண்டு மூட்ட சுண்ணாம்பு போட்டா முடிஞ்சிபோற வேல" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். "தண்ணி ஊத்துனா ஆசிட் எங்கயும் போவாதுப்பா. அது அப்டியேதான் கீது. எடம்தான் பெருசாவுது."

இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது லாரி வந்துவிட்டது. டிரைவர் கெட்டிக்காரர். பெரியவர் போனில் இருக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று தானே ஹோஸைக் குழியில் போட்டுத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கால் நனைந்த பிறகுதான் திரும்பினேன். குழி விளிம்பைத் தாண்டி மஞ்சளாக வழிந்து, மதில் ஓரமாக ஓடி, வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் லாரி வால்வை மூடினேன். மண் மூட்டைகளை இழுத்துப்போட்டு வழிவதை அடைத்தேன். அதற்குள் நிறையப் போய்விட்டது.

பாரிக்கு போன் செய்து சொன்னேன். "சரி வுடு, வாய்க்கால்லதான போச்சி. கடலு எவ்ளோ பெருசு. கலந்து ஒண்ணுமில்லாம பூடும். யாராண்டயும் சொல்லிகினு இருக்காத" என்றார். கடலில் கரைத்த பெருங்காயம்தானே என்று எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவரும் நம்ம ஜாதிதான், தண்ணீர் ஜாதி.

ஆறுதல் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. தண்ணீர் வற்றுகிற நேரம் அது. வாய்க்கால் கழிமுகத்தில் சேருகிற வாய்க்குப் பக்கத்தில்தான் இந்த வாரம் இறால் கிடைக்கிறது என்று சிலுவை சொன்னதாக ஹில்டா காலையில்தான் சொல்லியிருந்தாள். உடனே சிலுவைக்கு போன் செய்தேன். நல்லவேளை, எடுத்தாள். இன்னும் கரையில்தான் இருந்தாள்.

இங்கேதான் என் அழகைப் பாருங்கள்.

"சிலுவ, நான்தான். சாப்ட்டியா? ஒண்ணுமில்ல, இன்னிக்கி தண்ணி கொஞ்சம் ஒரு மாரி கீது போல. அவசரம்லாம் இல்ல. முடிஞ்சா கொஞ்சம் அந்தாண்ட தள்ளித் தடவுங்க."

"ஒரு மாரின்னா இன்னா மாரி?"

"பெருசா ஒண்ணுமில்ல. நம்ம பட்டறத் தண்ணி லைட்டா வழிஞ்சிகீது. பாத்து எறங்குங்க, அவ்ளோதான்."

"இந்தத் தண்ணி என்னிக்கி மாமா ஒரு மாரி இல்லாம இருந்திச்சி? போன வையி. நேரம் போவுது" என்று வைத்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாடா என்று மூச்சு விட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மொபெட்டை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் மெர்லினுடைய பத்து மடங்கு என் மண்டையில் வந்து உட்கார்ந்தது. வாய்க்காலில் இருந்த சாக்கடையோடு பத்து மடங்கு கலந்திருந்தாலும் ஒன்றரை இரண்டரைதான் ஆகும். நூறு மடங்கு கலந்தாலும் மூன்றரை. ரசத்தைவிடக் கேவலம். அதில் முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் குனிந்து நிற்பார்கள். நான் போனில் சொன்னதை எனக்கு நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதைக் கேட்டால் நானே இறங்கியிருப்பேன். வண்டியைத் திருப்பினேன்.

கழிமுகத்தில் ஏழெட்டுப் பெண்கள் இறங்கியிருந்தார்கள். எல்லார் வாயிலும் பறி. வாய்க்கால் வாய்க்கு ஆக அருகில் நின்றவள் கன்னியம்மா, சிலுவையின் கூட்டாளி. கரையில் நின்று கூப்பிட்டேன்.

"கொஞ்சம்... இப்டி கொஞ்சம் வந்துட்டுப் போனீங்கன்னா..."

ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தாள். சிலுவை பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க மாமாதான். எதுனா கதை சொல்ல வந்துருப்பாரு" என்றாள். அவர்கள் சிரித்தார்கள்.

செருப்போடு சேற்றில் இறங்கினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. "எல்லாரும் ஏறுங்க. தண்ணீல ஆசிட் கீது. எங்க பட்டற ஆசிட். நான்தான் சுண்ணாம்பு இல்லாம தண்ணி ஊத்தி குழிய ரொப்பி வழிய வுட்டேன். கண்ணு போயிடும், ஏறுங்க."

ஒரு கணம் எல்லாரும் அப்படியே நின்றார்கள். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கன்னியம்மா மட்டும் வழி தெரியாமல் கையை நீட்டித் துழாவினாள். கண் இரண்டும் மூடியிருந்தன. எரிச்சல் கொஞ்ச நேரமாகவே இருந்ததாம், வியர்வை என்று நினைத்து அதே தண்ணீரால் கழுவியிருக்கிறாள். சிலுவை அவளைக் கரையில் சாய்த்து உட்காரவைத்தாள். அவர்கள் குடிக்கக் கொண்டுவந்திருந்த பாட்டில்களையெல்லாம் பிடுங்கி நான் அவள் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஊற்ற ஊற்ற அவள் முனகினாள். அவளுடைய முழங்காலில் பழைய புண் ஒன்று, அதன் ஓரமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. நான் அழுதுவிட்டேன். மூக்கு ஒழுகக் கிழவன் ஒருவன் அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருத்தி என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோ வந்து கன்னியம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும் சிலுவை என்னிடம் வந்தாள்.

"அந்த மெஷின வெச்சி காட்டு. எவ்ளோ கீது?"

முக்கினேன். "மூணு சொச்சம். ஆனா கடத்தண்ணி ஏறுச்சின்னா கொஞ்ச நேரத்துல..."

"நம்பர மட்டும் சொல்லு."

"மூணு."

"எவ்ளோ இருந்தா எறங்கலாம்?"

"ஏழு. ஆறரைக்குக் கொறய கூடாது."

"இத்த போன்லயே சொல்லிருந்தா அவ கண்ணுல தண்ணி பட்டுருக்காது" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பாதியைக் கழித்துக் கேட்டிருப்பேன்.

மெர்லின் சொன்னபடிதான் ஆனது. அன்று மாலையே இரண்டு மூட்டைச் சுண்ணாம்பில் குழி ஏழுக்கு வந்தது. பாரி வந்து குதித்தார். "ஊரக் கூட்டி சொல்லணுமா? நீயே போர்டு மாட்டிக்க வேண்டியதுதான?" என்றார். வேலையை விட்டு எடுக்கவில்லை. என் நேர்மைக்காக இல்லை, அந்தக் குழிக்கு வேறு மூக்கு கிடைக்கவில்லை. கன்னியம்மாவின் கண் பிழைத்தது. கொஞ்ச நாள் சிவந்திருந்து, பிறகு தெளிந்தது. தினமும் ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே போகத் தைரியமில்லாமல் ஹில்டாவிடம் பழத்தைக் கொடுத்தனுப்பினேன்.

சிலுவை ஒரு சட்டம் போட்டாள். தண்ணீர் வற்றுகிற நேரமெல்லாம் நான் மெஷினோடு வந்து நம்பர் சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகுதான் அவர்கள் இறங்குவார்கள். அன்றுமுதல் வேலைக்குப் போகும் வழியில் கழிமுகம் போய்விட்டுத்தான் போகிறேன். முதல் நாள் ஏழு புள்ளி ஆறு. "ஏழு ஆறு" என்றேன். வேறு எதுவும் சொல்லாமல் இறங்கினார்கள். நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஏழெட்டுப் பேர் தண்ணீரில் கால் வைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

நேற்று கன்னியம்மா திரும்பி வந்தாள். கண் சரியான பிறகு அவளுக்கு முதல் நாள். இத்தனை நாள் அவள் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று எல்லாருக்கும் தெரியும். பறியைக் கழுத்தில் மாட்டி, கயிற்றைப் பல்லில் கடித்துத் தயாராக நின்றாள். நான் மீட்டரை முக்கினேன்.

நாலு புள்ளி எட்டு.

மீட்டரைக் கழுவினேன். நாலு அடி தள்ளி முக்கினேன். நாலு புள்ளி எட்டு. எங்கள் குழியின் வால்வை முந்தின நாள் திறக்கவே இல்லை, பைபிளில் அடித்துச் சொல்வேன். இது வேறு யாருடையதோ. என் நாக்கில் பழைய தண்ணீர் ஊறியது. கொஞ்சம் கம்மிதான், ஆனா பரவால்ல, ஓரமா தடவுங்க என்று ஒரு வாக்கியம் தானாகவே கட்டிக்கொண்டு வாய்வரைக்கும் வந்தது. கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"நாலு எட்டு" என்றேன். "எறங்கக் கூடாது."

"ஒங்க பட்டறையா?" என்றாள் சிலுவை.

"இல்ல."

"அப்ப யாருது?"

வாய்க்கால் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். அது நெடுக எத்தனை கொட்டகை, எத்தனை குழி, ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு எத்தனை வில்சன்கள், கடல் பெரிசு என்று வால்வைத் திருகியவர்கள்.

சிலுவை நான் சொன்னதை அப்படியே நம்பினாள். கன்னியம்மா கயிற்றைப் பல்லிலிருந்து எடுத்தாள். பறியைச் சேற்றில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "ஏற ஏற சொல்லிகினே இரு மாமா" என்றாள் சிலுவை. நான் குத்துக்காலிட்டு மீட்டரைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டேன். நாலு எட்டு என்றேன். நாலு ஒன்பது என்றேன். பட்டறைக்கு நேரமாகிவிட்டது, போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கடல் நீர் மெல்ல உள்ளே திரும்பியது. ஐந்தரை. ஆறு. என் கால் விரலைத் தொட்ட தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது மீட்டர் ஏழு காட்டியது.

"ஏழு" என்று எழுந்தேன். "ஏழு வந்துடுச்சி."

கன்னியம்மா எழுந்து வந்து தண்ணீரைப் பார்த்தாள். அவர்கள் தடவுகிற இடத்தில் ஊன்றியிருந்த மூங்கிலில் நுனி மட்டும்தான் தெரிந்தது.

"இனிமே எங்க எறங்கறது" என்றாள். "கழுத்துக்கு வந்துடுச்சி."

காலிப் பறியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.